அமெரிக்காவா, சோவியத்தா: அணு ஆயுதத்தில் யார் கை ஓங்கியிருந்தது?

பனிப்போர்க் காலத்தில் அணு ஆயுத பலத்தில் ஓங்கியிருந்தது அமெரிக்காவின் கையா, சோவியத் ஒன்றியத்தின் கையா, இரண்டும் சமம் என்று சொல்லப்பட்டது உண்மையா, உண்மையென்றால் உலகைப் பல தடவை அழிக்கும் அளவுக்குக் குவித்துக்கொண்டே போனது எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் பதில் எளிது. மொத்தக் கையிருப்பில் அமெரிக்கா 1967 வாக்கில் 31,000-ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் 1970களின் இறுதியில் அதை முந்தி, 1986 வாக்கில் ஏறத்தாழ 40,000-ஐ எட்டியது. ஆனால் வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்த கணக்கு வேறு. எதிரி முந்திக்கொண்டு அடித்துவிட்டால் நம்மிடம் என்ன மிஞ்சும், மிஞ்சியதை வைத்து அவனைத் திருப்பி அடிக்க முடியுமா என்பதே அந்தக் கணக்கு. அதைக்கொண்டு பார்த்தால், எண்ணிக்கையில் மிகவும் பின்தங்கியிருந்த நாடு எதிரியின் கையைக் கட்டிப்போட்ட காலமும் உண்டு. எண்ணிக்கை சரிக்குச் சரியாக இருந்தபோது இரு தரப்பும் முன்னைவிட அதிகமாகப் பயந்த காலமும் உண்டு.

தொடக்க ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1949 ஆகஸ்ட் 29 அன்று கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் அருகே சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்ததும், சில நாட்களிலேயே அமெரிக்க வானிலை ஆய்வு விமானம் ஒன்று பசிபிக் வான்வெளியில் கதிரியக்கத் துகள்களைப் பிடித்துவிட்டதும், செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதை உலகுக்கு அறிவித்ததும் அனைவரும் அறிந்தவை. குண்டு இருந்தது, அதை அமெரிக்க மண்ணில் கொண்டுபோய்ப் போடுவதற்கான வழிதான் ஸ்டாலினிடம் இல்லை. அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானத்தை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த டியூ-4 அமெரிக்காவை எட்டினாலும் திரும்பி வர எரிபொருள் போதாது. அமெரிக்காவுக்கோ பிரிட்டனிலும் மொராக்கோவிலும் விமானதளங்கள் இருந்தன. 1950களில் கனத்த வேறுபாடு குண்டுகளின் எண்ணிக்கையில் மட்டுமல்லாமல் பூகோளத்திலும் இருந்தது.

1957 அக்டோபரில் உலகின் முதல் செயற்கைக்கோளான சோவியத்தின் ஸ்புட்னிக் பறந்தபோது அமெரிக்கர்கள் அஞ்சியது அந்தச் சிறு உருண்டையைக் கண்டு அல்ல, அதைத் தூக்கிச் சென்ற ஆர்-7 ராக்கெட்டைக் கண்டு. அதுவே உலகின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. தங்கள் தொழிற்சாலைகளில் ஏவுகணைகள் சாசேஜ் போல வந்து விழுவதாகச் சோவியத் தலைவர் குருஷேவ் பெருமையடித்தார். நாடு பின்தங்கிவிட்டது என்று சொல்லியே கென்னடி 1960 தேர்தலைச் சந்தித்தார். உண்மை நிலவரம் நேர்மாறானது. ஆர்-7 திரவ ஆக்சிஜனில் இயங்கியது; அதை நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது, ஏவுவதற்கு முன் மணிக்கணக்கில் தயார்செய்ய வேண்டும், ஏவுதளமோ வானிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரியது. 1960 ஆகஸ்டில் கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள் திட்டம் முதன்முறையாகப் படச்சுருளைப் பூமிக்குத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் அமெரிக்க உளவுத்துறை தன் மதிப்பீட்டைத் தலைகீழாக மாற்றிக்கொண்டது: சோவியத்திடம் இருந்தவை நூற்றுக்கணக்கில் அல்ல, 10 முதல் 25 வரைதான். அந்த மதிப்பீடும்கூட உண்மையைவிட அதிகம். அக்டோபரில் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் கில்பாட்ரிக் இதை ஒரு பொதுமேடையிலேயே போட்டு உடைத்தார். தங்கள் பொய் அம்பலமாகிவிட்டது என்று கிரெம்ளினுக்குத் தெரிந்த அந்த ஆண்டையும், அதற்கு அடுத்த ஆண்டு கியூபாவுக்கு ஏவுகணைகள் கப்பலேறியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கண்டம் தாண்டும் ஏவுகணை போதாத குருஷேவ், நடுத்தர தூர ஏவுகணையை எதிரியின் வாசலுக்கே கொண்டுபோனார்.

அந்த ஏவுகணைகளால் மூண்ட 1962 அக்டோபர் கியூபா நெருக்கடியில் யார் கை ஓங்கியிருந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குச் சரியான சோதனை. ஒருவர் மண்ணை மற்றவர் தாக்கக்கூடிய ஆயுதங்கள் என்று எடுத்துக்கொண்டால் அமெரிக்காவிடம் சுமார் 5,000, சோவியத்திடம் சுமார் 300 இருந்ததாக அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்னமாரா பிற்காலத்தில் எழுதினார். ஒன்றுக்குப் பதினேழு. இந்த ஏற்றத்தாழ்வு இருந்தும், முந்நூறில் சில பத்து தப்பிப் பிழைத்து அமெரிக்க நகரங்கள் மீது விழாது என்று கென்னடிக்கு உறுதியளிக்க ஒரு தளபதியாலும் முடியவில்லை. ஆகவே அன்றே சமநிலை இருந்தது என்பது மக்னமாராவின் வாதம். அமெரிக்காவின் மேலாதிக்கமே கியூபாவிலிருந்து ஏவுகணைகளை விலக்கிக்கொள்ளுமாறு குருஷேவைப் பின்வாங்க வைத்தது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. கியூபாவைச் சுற்றியிருந்த கடலில் அமெரிக்கக் கடற்படைக்கு இருந்த வலிமையை இவர்கள் அணு ஆயுதக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எப்படியிருந்தாலும், பதினேழு மடங்கு வலிமையுடையவர் துருக்கியிலிருந்த தன் ஜூபிடர் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக இரகசியமாக வாக்களிக்க நேர்ந்தது. அதைவிட முக்கியமான செய்தி முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல் ஹவானாவில் நடந்த ஒரு கருத்தரங்கில் வெளிவந்தது. அமெரிக்கப் படைகள் தீவில் இறங்கியிருந்தால் அவற்றின் மீது பயன்படுத்துவதற்கான குறுகிய தூர அணு ஆயுதங்களும் ஏற்கெனவே கியூபாவில் இருந்திருக்கின்றன. படையெடுப்பு வேண்டும் என்று அன்று வாதிட்டவர்கள் எவரும் அதை அறிந்திருக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் மக்னமாராவின் அலுவலகம் ‘எவ்வளவு இருந்தால் போதும்’ என்று கணக்குப் போடத் தொடங்கியது. சோவியத் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையிலும், தொழில்வளத்தில் பாதியையும் திருப்பி அடித்து அழிக்க முடிந்தால் எந்தத் தலைவனும் முதலில் அடிக்கத் துணிய மாட்டான் என்பது அவர்களின் அளவுகோல். அதற்கு 400 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) அளவு வெடிதிறன் தப்பிப் பிழைத்தால் போதும், அதற்கு மேல் கூட்டக் கூட்டப் பலன் குறையும் என்று வரைபடங்கள் காட்டின. படிக்கும்போதே மனம் கூசுகிற இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் இருந்தது. விமானப்படையின் தளபதிகள் கண்டம் தாண்டும் மினிட்மேன் ஏவுகணைகளை ஆயிரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; ‘போதும்’ என்று சொல்ல அமைச்சருக்கு ஓர் எண் தேவைப்பட்டது. முடிவான 1,000 என்ற எண், கணக்கிலிருந்து வந்ததைவிட பேரத்திலிருந்து வந்தது என்றே சொல்லலாம்.

மினிட்மேன் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால் ‘தப்பிப் பிழைப்பது’ என்பதன் பொருள் விளங்கும். மொன்டானா, வடக்கு டகோட்டா போன்ற மாநிலங்களின் கோதுமை வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே, தரைக்கடியில் கான்கிரீட் குழிகளில் ஏவுகணைகள் பல கிலோமீட்டர் இடைவெளிவிட்டு நிற்கும். பத்து ஏவுகணைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆழத்தில் புதைந்த ஒரு கட்டுப்பாட்டு அறை, அதில் இரண்டு அதிகாரிகள். இரண்டு சாவிகளையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒருவரே இரண்டையும் எட்ட முடியாதபடி சாவித் துவாரங்கள் பன்னிரண்டு அடிக்கு மேல் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் திருப்பினாலும் போதாது. அதே பிரிவைச் சேர்ந்த இன்னொரு அறையும் அதே கட்டளையைத் தர வேண்டும். திட எரிபொருள் என்பதால், ஆணை வந்த பிறகு ஏவுகணை கிளம்ப ஒரு நிமிடம் போதும். இதோடு 41 நீர்மூழ்கிக் கப்பல்களில் 656 ஏவுகணைகள் கடலுக்கடியில் உலவிக்கொண்டிருந்தன. குழி எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியும். கப்பல் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. திருப்பி அடிக்கும் வலிமையின் உண்மையான இருப்பிடம் கப்பல்தான்.

சோவியத் ஒன்றியமும் அதே பாதையில் வேகமாக வந்து சேர்ந்தது. 1972 மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கையெழுத்திட்ட இடைக்கால ஒப்பந்தத்தில், நிலத்திலிருந்து ஏவும் ஏவுகணைகள் அமெரிக்காவுக்கு 1,054, சோவியத்துக்கு 1,618 என்று உறைநிலையில் நிறுத்தப்பட்டன. அதே நாளில் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம், எதிரியின் ஏவுகணையை இடைமறித்துத் தாக்கும் கவச ஏவுகணைகளுக்கு வரம்பு போட்டது. கவசத்துக்கு ஏன் வரம்பு என்று இன்றும் பலர் வியக்கிறார்கள். 1967 ஜூனில் நியூஜெர்ஸியின் கிளாஸ்பரோ என்ற சிற்றூரில் மக்னமாரா இதை விளக்க முயன்றபோது சோவியத் பிரதமர் கோசிகினுக்கும் கோபம்தான் வந்தது. மக்களைக் காப்பது எப்படிக் குற்றமாகும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கவசத்தால் ஒரு முழுத் தாக்குதலைத் தடுக்க முடியாது. முதலில் அடித்துவிட்டு, எதிரியிடம் மிஞ்சிய சில ஏவுகணைகள் திரும்பி வரும்போது அவற்றைத் தடுக்கவே அது உதவும். அதாவது, கவசம் கையில் இருப்பவருக்கு முதலில் அடிக்கும் ஆசை கூடும், எதிரில் இருப்பவருக்கு அவர் அடிப்பார் என்ற பயம் கூடும். ஐந்தாண்டுகளில் மாஸ்கோவும் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

ஏவுகணைகளை எண்ணிய அந்த இடைக்கால ஒப்பந்தம், அவற்றின் தலையில் பொருத்தப்படும் வெடிமுனைகளை எண்ணாமல் விட்டது. அமெரிக்கா 1970-லேயே மினிட்மேன்-3 ஏவுகணையில் மூன்று வெடிமுனைகளை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி இலக்குக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 2024 மார்ச்சில் அக்னி-5 சோதனையின்போது நம் செய்தித்தாள்களில் அடிபட்ட எம்ஐஆர்வி என்பது இதே தொழில்நுட்பம்தான். சமநிலையை இது எப்படிக் கவிழ்த்தது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். இரு தரப்பிடமும் ஏவுகணைக்கு ஒரு வெடிமுனை வீதம் நூறு ஏவுகணைகள் இருப்பதாகக் கொள்வோம். குறி தவறலாம், வெடிக்காமல் போகலாம் என்பதால் ஒரு குழியை அழிக்க இரண்டு வெடிமுனைகள் வேண்டும். முதலில் அடிப்பவர் நூறையும் செலவழித்தாலும் எதிரியின் ஐம்பதைத்தான் அழிப்பார். அவர் கை வெறுங்கை, எதிரியிடம் ஐம்பது மிச்சம். இதே நூறு ஏவுகணைகளில் பத்துப் பத்து வெடிமுனைகளை ஏற்றிப் பாருங்கள். இருபது ஏவுகணைகளிலேயே இருநூறு வெடிமுனைகள். எதிரியின் நூறு குழிகளுக்கும் அது போதும். அடித்தவரிடம் எண்பது ஏவுகணைகள் மிஞ்சும், அடிபட்டவரிடம் எதுவும் இல்லை. நூறுக்கு நூறு என்ற சமன் இரண்டு நிலைகளிலும் மாறவேயில்லை. முந்திக்கொள்பவருக்கு நட்டம் என்றிருந்தது, முந்திக்கொள்பவருக்கே லாபம் என்றாகிவிட்டது. பல வெடிமுனைகளைக் கொண்ட உலகின் விளைவுகளை 1969, 1970 வாக்கில் இன்னும் ஆழமாக யோசித்திருக்கலாம் என்று 1974-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் வருந்தினார். அதற்குள் சோவியத் பொறியாளர்கள் எஸ்எஸ்-18 என்று மேற்கில் அழைக்கப்பட்ட பேருருவ ஏவுகணையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்: 308 குழிகள், ஒவ்வொன்றிலும் பத்து வெடிமுனைகள்.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வெடிமுனைகளை அமெரிக்காவின் ஆயிரத்துச் சொச்சம் குழிகளோடு வகுத்துப் பார்த்துவிட்டு, நாடு பாதுகாப்பற்ற நிலைக்குள் நுழைகிறது என்று வாஷிங்டனில் ஒரு கூட்டம் முழங்கியது. 1980 தேர்தலில் ரீகனுக்கு அது கைகொடுத்தது. பயத்தில் பாதி நியாயம் இருந்தது, பாதி அரசியல். அமெரிக்காவின் நெடுந்தூர வெடிமுனைகளில் ஏறத்தாழ பாதி கடலுக்கடியில் இருந்தன. எஸ்எஸ்-18 எத்தனை இருந்தாலும் அவற்றைத் தொட முடியாது. ரீகனே அமைத்த ஸ்கோகிராஃப்ட் குழு 1983 ஏப்ரலில் கொடுத்த அறிக்கையும் சுற்றிவளைத்து இதையே ஒப்புக்கொண்டது. உண்மையில் அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டியவர்கள் சோவியத் தரப்பினர். அவர்களுடைய பலத்தில் பெரும்பகுதி நகராத குழிகளில் இருந்தது. அவர்களுடைய நீர்மூழ்கிகளின் இரைச்சலை அமெரிக்கா கடலடியில் பதித்திருந்த ஒலிவாங்கிகள் தூரத்திலிருந்தே கேட்டுவிடும். அதனால் புதிய கப்பல்களைப் பேரன்ட்ஸ் கடலிலும் ஒகோட்ஸ்க் கடலிலும் தங்கள் கடற்படையின் காவலுக்குள்ளேயே நிறுத்திவைத்தார்கள். மொத்த எண்ணிக்கையில் சோவியத் முந்தியிருந்த அதே காலத்தில் அடிக்குத் தப்பும் திறனில் அமெரிக்கா முந்தியிருந்தது.

இனி, எதற்காக அவ்வளவு குவித்தார்கள் என்ற கேள்வி. ஒரு காரணம், இலக்குப் பட்டியல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. நகரங்களை மட்டும் குறிவைத்தால் சில நூறு குண்டுகள் போதும். எதிரியின் ஆயுதங்களையே குறிவைத்தால், அவன் ஒரு குழி தோண்டும்போது நமக்கு இரண்டு வெடிமுனைகள் கூடுதலாக வேண்டும், அவற்றுக்காக நாம் தோண்டும் குழியைக் கண்டு அவன் இன்னும் இரண்டு செய்வான். நெப்ராஸ்காவின் ஓமஹா அருகே இருந்த அமெரிக்க நெடுந்தூரத் தாக்குதல் படையின் தலைமையகத்தில் இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்குக் குறைப்பதற்கான காரணம் எதுவும் தரப்படவில்லை. இன்னொரு காரணம், தரைப்படையும் கப்பற்படையும் விமானப்படையும் தத்தம் பங்கைக் கேட்டன. பீரங்கிக் குண்டு, நீர்மூழ்கியைத் தாக்கும் வெடி, விமானத்தை வீழ்த்தும் ஏவுகணை என்று எல்லாவற்றுக்கும் அணு வடிவம் செய்யப்பட்டது. 1967-இன் 31,000-இல் பெரும்பாலானவை இத்தகைய போர்க்களச் சரக்குகள். மாஸ்கோவை எட்டக்கூடியவை அல்ல.

குழிகள் அழியக்கூடும் என்ற பயத்தின் மிக மோசமான விளைவு, அவகாசம் சுருங்கியது. ஏவுகணை கண்டம் தாண்ட சுமார் 30 நிமிடம். அது வந்து விழுவதற்குள் நம்முடையதை ஏவிவிட வேண்டும் என்று இரு தரப்பும் நினைக்கத் தொடங்கின. 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்க வான்பாதுகாப்புத் தலைமையகத்தின் கணினியில் பயிற்சிக்கான தரவு ஏறிக்கொண்டு, முழுத் தாக்குதல் வருவதாகத் திரைகளில் காட்டியது. 1980 ஜூனில் ஒரு டாலர்கூடப் பெறாத மின்னணுச் சில்லு ஒன்று பழுதாகி அதே கலவரத்தை உண்டாக்கியது. 1983 செப்டம்பர் 26 அன்று, தென்கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி நான்கு வாரம்கூட ஆகாத நிலையில், மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவின் திரையில் முதலில் ஒன்று, பிறகு நான்கு என்று ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பியதாக எச்சரிக்கை வந்தது. மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. அது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னதற்கு பெத்ரோவ் பின்னர் தந்த காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: ஐந்தே ஏவுகணைகளை வைத்து எவனும் அணு ஆயுதப் போரைத் தொடங்க மாட்டான். மேலே சொன்ன குழிக் கணக்கை அவரும் அறிந்திருந்தார். அந்த ஆண்டு இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு வந்த அமெரிக்காவின் பெர்ஷிங்-2 ஏவுகணைகள் அவகாசத்தைப் பத்து நிமிட அளவுக்குக் குறைத்தன. தலைமை அழிந்துவிட்டாலும் பதிலடிக்கான ஆணை ஏவுகணைகளைச் சென்றடையச் செய்யும் ‘பெரிமீட்டர்’ அமைப்பை சோவியத் 1985 வாக்கில் செயலுக்குக் கொண்டுவந்தது இந்தச் சூழலில்தான்.

குறைப்பின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1987 டிசம்பர் ஒப்பந்தத்தின்படி இரு தரப்பிலும் நடுத்தர, குறுகிய தூர ஏவுகணைகள் 2,692 அழிக்கப்பட்டன. 1991 ஜூலை 31 அன்று கையெழுத்தான ஸ்டார்ட் ஒப்பந்தம் ஆளுக்கு 6,000 வெடிமுனைகள் என்றும், 2010-இன் புதிய ஸ்டார்ட் 1,550 என்றும் வரம்பு வைத்தன. எண்களைவிட நான் மதிப்பது சரிபார்க்கும் முறைகளை. அரிசோனா பாலைவனத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்களை ஆறு டன் எடையுள்ள கத்தியைக் கிரேனிலிருந்து விழவைத்துத் துண்டாக்கி, ரஷ்யச் செயற்கைக்கோள்கள் பார்த்து உறுதிசெய்துகொள்ள 90 நாட்கள் திறந்தவெளியிலேயே கிடத்தினார்கள். ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் 1988 முதல் ஆண்டுக்கணக்கில் தங்கி, வெளியே போகும் பெட்டிகளை அளந்துகொண்டிருந்தார்கள். எதிரியிடம் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதை விட்டு நேரில் போய் எண்ண முடிந்ததே, கொரோனா படச்சுருளுக்குப் பிறகு இந்தச் சமநிலைக்குக் கிடைத்த பெரிய ஊன்றுகோல். அது இப்போது இல்லை. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக நின்ற நேரடி ஆய்வுகள் மீண்டும் தொடங்கவேயில்லை. 2023 பிப்ரவரியில் புதின் புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார். அதன் காலமும் 2026 பிப்ரவரி 5 வரை என்றே இருந்தது.

அடுத்த ஒப்பந்தம் ஏன் எளிதல்ல என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. 2021-இல் சீனாவின் கான்சூ மாகாணத்திலும் சின்ஜியாங்கிலும் நூற்றுக்கணக்கான புதிய ஏவுகணைக் குழிகள் செயற்கைக்கோள் படங்களில் தென்பட்டன. அந்நாட்டின் கையிருப்பு 2025-இல் 600 அளவில் மதிப்பிடப்பட்டது, 2030-க்குள் ஆயிரத்தைத் தாண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன். இருவர் மட்டும் இருக்கும்போது சமன் என்பதை ஒரே எண்ணாக எழுதிக் கையெழுத்திட முடிந்தது. மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவரின் கூட்டுத்தொகைக்கு ஈடாக வைத்துக்கொள்ள நினைத்தால் அப்படியோர் எண் கிடையாது. ரஷ்யாவையும் சீனாவையும் ஒருசேரத் தடுக்கும் பலம் வேண்டும் என்று வாஷிங்டனில் பேச்சு வலுக்கிறது. தன்னைவிடப் பல மடங்கு வைத்திருப்பவர்கள் முதலில் குறைக்கட்டும் என்று பேச்சுவார்த்தை மேசைக்கு வர மறுக்கிறது பெய்ஜிங். பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றின் ஆயுதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது மாஸ்கோ.